தள்ளிப்போன செவ்வாய்க்கிழமை

இயேசு மரி சூசை

திகாம் பத்து, கெடா
24 அக்டோபர் 2024

அன்புத் தங்கை மிஷெலுக்கு,

அக்கா செலஸ்டின் எழுதுகிறேன். நீ நலமா? கிளாஸ்கோவில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே உன் அத்தான் ரோனால்டும் நிகோலும் நலம். என் நலத்தைப் பற்றித்தான் கடிதம் முழுக்க, அதனால் முதல் வரியிலேயே சொல்லி முடிக்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். என் போன் பேருக்குத்தான் என்னுடையது. பாஸ்வேர்ட், மெசேஜ், வாய்ஸ் நோட் எல்லாம் நிகோல் கையில். வாய் திறந்து பேசினாலோ இந்தச் சின்ன வீட்டில் மூலைக்கு மூலை கேட்கும். அடுத்த வருஷம் அவளுக்கு எஸ்.பி.எம். தேர்வு. அம்மாவுக்குக் கேன்சர், ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். மூன்றாம் நிலை, சினைப்பையிலிருந்து வயிற்றுச் சவ்வு வரை பரவியிருந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டாம். தபால்காரர் வரும் நேரம் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அதனால் இனி நமக்குத் தபால்தான்.

முந்தாநாள் செவ்வாய் முதல் கீமோ ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய், மொத்தம் ஆறு தடவை. நாள் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு மருந்தைவிட அந்த உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தண்டனை. கையில் ஊசியோடு மூன்று முறை எழுந்து நடந்தேன். தேவகி என்று ஒரு தாதி, "அக்கா, நீங்க இங்க ஜாலான் ஜாலான்னு உலாத்த வந்தீங்களா, மருந்து ஏத்த வந்தீங்களா? உக்காருங்க லா" என்று அதட்டினாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பரஞ்சோதி அண்ணன், "உங்க தங்கச்சி கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறாங்களாமே, எப்பவாம்?" என்கிறார். நானும் சும்மா தலையாட்டி வைக்கிறேன். உண்மையில் அங்கே நீ என்னதான் செய்கிறாய்?

தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே.

உன் அக்கா,
செலஸ்டின்


கிளாஸ்கோ
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், குளிர் நலமில்லை. இது கிடைக்கும்போது இரண்டாவது கீமோ முடிந்திருக்கும், எப்படி இருக்கிறாய்? தண்ணீர் குடிக்கிறாயா? நாற்காலியில் உட்காரு அக்கா, தேவகி சொல்வதைக் கேள்.

பரஞ்சோதி அண்ணனிடம் உண்மையைச் சொன்னால் வருத்தப்படுவார். நான் கேன்சரைக் கொல்பவள் இல்லை, வளர்ப்பவள். பிளாஸ்டிக் குடுவைகளில் கேன்சர் செல்களை வைத்து, இளஞ்சிவப்பாக ஒரு திரவம் ஊற்றி வளர்க்கிறேன். அதை நாங்கள் சோறு போடுவது என்றுதான் சொல்வோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டாக வேண்டும், ஞாயிறானாலும் விடாது. அவற்றில் சில எந்த மருந்துக்கும் சாவதில்லை. ஏன் சாவதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

நான் உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று. அவை சினைப்பைக் கேன்சர் செல்கள். ஆறு வருஷமாக இதையேதான் பார்க்கிறேன். உனக்கும் அதே இடத்தில் என்று அத்தான் போனில் சொன்னபோது நான் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அன்றிலிருந்து லேபுக்குள் போனால் இருப்புக்கொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் உன் வயிறுதான் தெரிகிறது. வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

இன்னொன்று கேள், சிரிப்பாய். இங்கே நாங்கள் போடும் கையுறைப் பெட்டியில் 'மலேசியாவில் தயாரானது' என்று இருக்கிறது. உங்கள் கிலாங்கில், அந்தக் கையுறைத் தொழிற்சாலையில், நீ தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்த்துத் தள்ளிய கையுறையாகக்கூட இருக்கலாம். மாட்டும்போதெல்லாம் ஓட்டை இருந்தால் அக்காவைத்தான் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று பார்க்கிறேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆனால் உனக்குத் தொந்தரவாக இருக்குமா? உண்மையைச் சொல்.

உன்
மிஷெல்


இயேசு மரி சூசை

திகாம் பத்து
28 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

அக்காவின் ஆசீர். எங்கள் நலம் வழக்கம்போல. தொந்தரவா என்று கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா? அம்மா போனபோது உனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து உன் தொந்தரவில்தான் நான் வளர்ந்தேன். டிக்கெட்டைப் போடு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் செல்லுக்குச் சோறு போடப் போகிறாயாமே, நல்லா இருக்கு உன் கத்தோலிக்கம். பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்காவிடம் சொன்னேன். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவர். "அது எங்க தோட்டத்துலயும் உண்டு. சில புல்லுக்கு எவ்வளவு அடிச்சாலும் மறுவாரம் பச்சையா நிக்கும். உன் தங்கச்சிய ஒரு நாள் இங்க அனுப்பு" என்றார்.

கீமோ இரண்டு முடிந்தது. தலைமுடி முழுக்கப் போய்விட்டது, மழையும் வெயிலும் நேராகத் தலையில். மருந்து ஏற்றிய பிறகு பத்துப் பன்னிரண்டு நாளைக்கு மீன் வாசனை அறவே ஆகவில்லை. பாசாரிலிருந்து யாராவது பையோடு வாசலில் நடந்தாலே வாளியைத் தேடி ஓடுகிறேன். பாவம் உன் அத்தான், சார்டின் டின்னை வாசற்படியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்.

அதெல்லாம் உனக்கு வேண்டாத கதை. நீ வரும்போது கோலா மூடா நண்டு. அம்மா கைப்பக்குவத்தில். வீடு வீடாகக் கேரல் பாடவும் போகிறோம், இந்தத் தடவை கோயில் லாரி பாடாங் மேஹா தோட்டத்துக்குப் போகிறது. முடிவு செய்தாயிற்று, பேசாமல் வந்து சேர்.

செலஸ்டின்


கிளாஸ்கோ
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தானுக்கும் நிகோலுக்கும் நன்றி சொல். இங்கே எல்லாம் நலம், நான் மட்டும் இன்னும் திகாம் பத்துவில்தான் இருக்கிறேன். விமானத்தில் ஒரு நிமிஷம் தூங்கவில்லை.

நான் என்னென்னவோ பயந்துகொண்டு வந்தேன். கட்டிலில் படுத்துக் கிடப்பாய், கால் பிடித்துவிட வேண்டும், கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். நீயோ கதவைத் திறந்தபோது முகத்துக்குப் பவுடர் போட்டு, டோப்பா முடியில் கிளிப் குத்திக்கொண்டு நின்றாய். நண்டை ஓட்டோடு உடைத்து நீயே மசாலா அரைத்தாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேரல் லாரியில் நான் ஏறக் கஷ்டப்பட்டபோது மேலிருந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டது நீ. பாடாங் மேஹாவில் அந்தக் கடைசி வீட்டு நாய் துரத்தியதும், பரஞ்சோதி அண்ணன் கிட்டாரோடு செம்பனைக்குள் ஓடியதும், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் நினைத்து நினைத்து இங்கே தனியாகச் சிரிக்கிறேன்.

"டாக்டரே கிறிஸ்துமஸ் லீவு குடுத்துட்டாரு லா" என்றாயே, அவருக்கு என் நன்றியையும் சொல். எல்லா டாக்டரும் இப்படி மனிதர்களாக இருப்பதில்லை.

மிச்சக் கீமோவையும் முடித்துவிடு. முடித்த அன்று உடனே எழுது.

உன்
மிஷெல்


இயேசு மரி சூசை

திகாம் பத்து
20 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆசை. இந்தத் தடவை என் நலமும் நலம்தான். கீமோ முடிந்தது! இந்த மாதத் தொடக்கத்தில் ஆறாவது. தேவகியும் மற்றத் தாதிகளும் கேக் வெட்டினார்கள். ரத்தத்தில் பார்க்கும் அந்தக் கேன்சர் எண்ணும் ஒழுங்காக இறங்கிவிட்டதாம்.

முடிந்துவிட்டது என்றதும் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன் என்று நினைத்தேன். அதுதான் நடக்கவில்லை. உட்கார முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள், இப்போது யாரும் அடிக்கவில்லை என்று ஒரு பயம். திரைச்சீலையை எல்லாம் கழற்றித் துவைத்தேன். மறுவாரம் மறுபடி துவைத்தேன். "மா, அது கிழிஞ்சிடும் லா" என்று நிகோல் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அந்தச் சாகாத செல் எப்படிச் சாகாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது? மருதம்மாள் அக்காவுக்குச் சொல்வதுபோல் சொல்லாதே, எனக்குச் சொல்வதுபோல் முழுசாகச் சொல். என் உடம்புக்குள் இருந்ததைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

பாஸ்கா வருகிறது. அன்றாவது கோயிலுக்குப் போ.

செலஸ்டின்


கிளாஸ்கோ
9 ஏப்ரல் 2025

என் செல்ல அக்கா,

உன் கடிதத்தை லேபில் எல்லாருக்கும் காட்டினேன், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நலமாக இருக்கிறேன், சந்தோஷத்தில் இரண்டு மடங்கு நலம். எங்கள் கட்டுரையும் போன வாரம்தான் ஏற்கப்பட்டது. சரியான நேரத்தில் கேட்டிருக்கிறாய், முழுசாகச் சொல்கிறேன்.

உனக்கு ஏற்றியதில் முக்கியமானது பிளாட்டினம் சேர்ந்த மருந்து. அது செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வின் இழைகளை முடிச்சுப் போட்டுவிடும். முடிச்சு விழுந்த செல் இரண்டாகப் பிரிய முடியாமல் செத்துப்போகும். தப்பிக்கும் செல்கள் பலவிதம். சில, உள்ளே வந்த மருந்தைப் பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடும். சில, குளுட்டாதயோன் என்ற பொருளை நிறையச் செய்து, மருந்து டி.என்.ஏ.வைத் தொடும் முன்பே அதை மடக்கிவிடும். சில, முடிச்சை வெட்டி எடுத்துவிட்டு இழையை ஒட்டுப்போட்டுக்கொள்ளும். கடைசி ரகம் பெரிய அழுத்தக்காரி. உடம்பு 'செத்துப் போ' என்று உத்தரவு போட்டாலும் காதிலேயே போட்டுக்கொள்ளாது.

இவற்றை நாங்கள் எப்படி உண்டாக்குகிறோம் தெரியுமா? கொஞ்சம் மருந்து கொடுப்போம். நிறையச் சாகும். பிறகு மருந்தை நிறுத்தி, மிஞ்சியதைச் சோறு போட்டுத் தேற்றுவோம். தேறியதும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம். எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது அக்கா! நான் ஒரு குடுவைக்கு மற்றதைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டேன். செத்துக்கொண்டிருந்தவையெல்லாம் அந்த ஓய்வில் பழுதுபார்த்து எழுந்து, பல்கிப் பெருகிவிட்டன. இப்போது அதுதான் எங்கள் லேபிலேயே முரட்டுக் குடுவை. எத்தனை மருந்து ஊற்றினாலும் அசையாது. அதற்கு 'தாதா' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நீ ஆறையும் முடித்துவிட்டாய், உனக்கு இந்தக் கவலை வேண்டாம். திரைச்சீலையை விடு, பாவம்.

அன்பு முத்தங்களுடன்,
மிஷெல்


கிளாஸ்கோ
20 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நலமா? ஏப்ரலில் எழுதியது கிடைத்ததா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மே மாதம் முழுக்கத் தபால்பெட்டியைத் திறந்து மூடியதுதான் மிச்சம்.

போன் செய்தால் நிகோல் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்க." "அம்மா மருதம்மாள் ஆன்ட்டி வீட்டுல." ஒருமுறை நீயே எடுத்து, "இங்க மழை, ஒண்ணும் கேக்கல லா" என்று வைத்துவிட்டாய். மழைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அத்தானைக் கேட்டால், "அவ சும்மாவே இருக்க மாட்டேங்கிறா, வீட்டுல உள்ள அலமாரி எல்லாத்தையும் இழுத்துப் போட்டு அடுக்கிட்டு இருக்கா" என்கிறார்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? வேலைப் பெருமையில் அதிகம் அளந்துவிட்டேனா? மூன்று மாதச் சோதனை முடிந்திருக்க வேண்டுமே, எண் எவ்வளவு? எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. திட்டியாவது எழுது.

மிஷெல்


திகாம் பத்து
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை மிஷெலுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எழுத நேரம் அமையவில்லை. நிகோலுக்கு நவம்பரில் தேர்வு, டியூஷனுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். உன் அத்தானுக்குக் கிலாங் ஆட்களை ஏற்றும் பஸ் இரண்டு ஷிப்ட் ஓட்ட வேண்டும்.

எண் ஏறியிருக்கிறது. ஸ்கேனில் வயிற்றுக்குள் மூன்று இடம் தெரிகிறது. பழைய மருந்து இனிமேல் எனக்குப் பிரயோஜனம் இல்லையாம். வேறு ஒரு மருந்து இருக்கிறது, சிவப்பு நிறம், மாதத்துக்கு ஒருமுறை என்றார் டாக்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார். யோசிக்க ஒன்றும் இல்லை. அவரவர் செய்ததை அவரவர்தான் சுமக்க வேண்டும். இன்னொரு மருந்தை வீணாக்க நான் விரும்பவில்லை.

நீ கவலைப்படாதே. நிகோலிடம் எதுவும் சொல்லாதே.

உன்னுடைய அந்தத் தாதா குடுவை எப்படி இருக்கிறது? இன்னும் சாகவில்லையா?

செலஸ்டின்


கிளாஸ்கோ
17 ஆகஸ்ட் 2025

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வாசலிலேயே நின்று படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். 'அவரவர் செய்தது' என்றால் என்ன? நீ என்ன செய்தாய்? உன் பழைய கடிதங்களைத் தரையில் பரப்பிப் படித்தேன். மருந்து ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு நாள் மீன் வாசனையே ஆகாது என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் நண்டு சமைத்தாய், அதுவும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய் என்றும் எழுதியிருக்கிறாய். காலண்டரை எடுத்து எண்ணினேன். நான்காவது கீமோ கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அன்றைக்கு நீ லாரியின் மேலே நின்று என் கையைப் பிடித்துத் தூக்கினாய்.

டாக்டர் லீவு கொடுக்கவில்லை, நீயே எடுத்துக்கொண்டாய். எனக்காக. நான் வரும்போது வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்பதற்காக. பிப்ரவரித் தொடக்கத்தில் முடிய வேண்டிய ஆறாவது மார்ச் தொடக்கத்தில்தான் முடிந்தது என்றால் நான்காவது நாலு வாரம் தள்ளியிருக்கிறது. இதையே படித்துப் பட்டம் வாங்கிய நான் உன் எதிரில் உட்கார்ந்து நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு ஏப்ரலில், எல்லாம் இடைவெளியில்தான் இருக்கிறது என்று குதித்துக்கொண்டு எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீ என்ன பாடு பட்டிருப்பாய்!

அந்தக் கடிதத்தில் நான் சொல்லாமல் விட்டவற்றை இப்போது சொல்கிறேன். ஒரு வரி விடாமல் படி.

நாங்கள் குடுவைக்குக் கொடுப்பது வேண்டுமென்றே குறைத்த மருந்து. எல்லாம் செத்துவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை, அதனால் பிழைக்கிற அளவுக்குத்தான் கொடுப்போம். உனக்கு ஏறியது முழு அளவு. இரண்டும் ஒன்றில்லை.

இடைவெளியே விடாத குடுவை ஒன்றும் இருந்தது. அதிலும் சாகாத செல்கள் வந்தன, கொஞ்சம் தாமதமாக. கட்டுரையில் அது இருக்கிறது, உனக்கு எழுதும்போது சுவாரசியம் குறையும் என்று விட்டுவிட்டேன். அதோடு, மருந்தே படாத முதல் நாள் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, சாகாத ரகம் ஒன்றிரண்டு அப்போதே உள்ளே உட்கார்ந்திருந்தது. மருந்து அவற்றை உண்டாக்கவில்லை. மற்றவை செத்து இடம் காலியானதும் அவை எழுந்து நின்றன, அவ்வளவுதான். உனக்குள்ளும் ஆபரேஷன் நாளிலேயே அப்படி இருந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. நீ ஆறு செவ்வாயும் அசையாமல் போய் உட்கார்ந்திருந்தாலும் அது திரும்பி வந்திருக்கலாம்.

அந்த நாலு வாரத்துக்கு ஒரு துளிப் பங்குகூட இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன்னிடம் பொய் சொல்லி உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இது நிச்சயம்: அந்தச் சிவப்பு மருந்து வேறு வழியில் வேலை செய்வது. பிளாட்டினத்துக்குச் சாகாதது எல்லாம் இதற்கும் சாகாது என்று கிடையாது. வீணாகுமா இல்லையா என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒன்பதாம் தேதி போ அக்கா. நீ வளர்த்தவள் கெஞ்சுகிறேன். எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மிஷெல்


இயேசு மரி சூசை

திகாம் பத்து
11 செப்டம்பர் 2025

என் அருமைத் தங்கை மிஷெலுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தான் நலம், நிகோல் நலம், மருதம்மாள் அக்காகூட நலம். எனக்குக் குமட்டல். அதனால் நான் மருந்து ஏற்றப் போய்விட்டேன் என்று புரிந்துகொண்டிருப்பாய்.

கூரியர்க்காரன் கொடுத்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு படித்தேன். உன் அத்தான் பஸ் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, "என்னா, யாரு செத்துட்டாங்க?" என்று கத்தினார். "யாரும் சாகல, நீங்க போங்க" என்றேன். அன்றைக்குத்தான் அவருக்கும் அந்த டாக்டர் லீவு பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் போய் இரவுச் சாப்பாட்டை வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சார்டின்கூட இல்லை, வெறும் தோசை.

நீ கண்டுபிடித்தது சரி. தேவகிக்குப் போன் போட்டு, காய்ச்சல், வர முடியாது என்றேன். ஜனவரியில் நீ கிளம்பும் முன்பு மறுபடி ஒரு காய்ச்சல். இரண்டும் பொய். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதற்கு மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார். எனக்குப் போதவில்லை. அதனால்தான் உன் ஏப்ரல் கடிதம் வந்ததும், இதுதான் எனக்குரிய தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி பகலாக அந்த நாலு வாரத்தையே பிடித்துக்கொண்டு அலைந்தேன். துவைத்ததும் அடுக்கியதும் எல்லாம் அதற்குத்தான்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூன்று வருஷம் கழித்து நீ வருகிறாய். நான் வாளியைக் கட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போனால், அப்புறம் உனக்கு நான் அந்த வாளியாகத்தான் ஞாபகம் இருப்பேன். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அக்கா என்றால் உனக்குச் சமைத்துப் போட வேண்டும், லாரியில் தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது, செல்லைப் பற்றி நினைக்கவே இல்லை.

யாருக்கும் தெரியாது என்று எழுதினாயே, அதுதான் என்னை நகர்த்தியது. ஒரு பங்கும் இல்லை என்று நீ அடித்துச் சொல்லியிருந்தால், தங்கச்சி நமக்காகப் பொய் சொல்கிறாள் என்று மூடி வைத்திருப்பேன். தெரியாது என்றால் தெரியாததுதான். தெரியாததற்காக எத்தனை நாள் திரைச்சீலை துவைப்பது? நீ இங்கே இருந்த அந்த நாட்களைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போவதற்கு முந்தின நாள் நிகோலை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு ஸ்டேஜ் த்ரீன்னு போன வருஷமே தெரியும் மா. ஆஸ்பத்திரி காகிதத்தப் பார்த்து கூகல் பண்ணிட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணிட்டு இருந்தேன் லா." அப்புறம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். ஒன்பதாம் தேதி அவள்தான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுக் கூட வந்தாள். சிவப்பு மருந்து, நம் கோயில் கடையில் விற்கும் ரோஜா சர்பத், அந்தப் பந்துங் தண்ணீர்போல இருக்கிறது. தேவகி என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா அக்கா? இந்தத் தடவ காய்ச்சல் கீச்சல்னா நானே வீட்டுக்கு வந்து தூக்கிட்டு வந்துடுவேன்" என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நான்தான் எல்லாரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் ஒளிக்க ஆள் இல்லை, போனிலேயே பேசலாம். ஆனாலும் இதை மட்டும் எழுதியே கேட்கிறேன், போனில் கேட்டால் அழுதுவிடுவேன்.

அடுத்த மருந்து அக்டோபர் ஏழாம் தேதி. அதுவும் செவ்வாய்தான். அதைத் தள்ளிப்போட மாட்டேன், நீ வந்தாலும் சரி, போப்பாண்டவரே வந்தாலும் சரி. அன்றைக்கு நீ வா. உன் செல்களுக்கு வேறு யாராவது சோறு போடட்டும், தாதா ஒரு வாரம் பட்டினி கிடக்கட்டும். நண்டு கிடையாது. பவுடர் கிடையாது. டோப்பாவையும் மாட்ட மாட்டேன். நான் கட்டிலில்தான் கிடப்பேன். நீ வந்து வாளியைப் பிடி.

உன் அக்கா,
செலஸ்டின்